உயில் என்றால் அபசகுனமா?

"நான் இருக்கிறப்பவே உயிலா? வாயைக் கழுவுடா!"

உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலும் பல வீடுகளில் பெரியவர்கள் பேச்சு இதுதான். உயில் என்றாலே அபசகுனமாம்!

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு வேறு ஊர் உதாரணம் தேவையில்லை. 2011-ல் இவர்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்த முதல்-அமைச்சர் ஜெயலலிதா, 2016 டிசம்பர் 5-ந் தேதி காலமானார். அவருக்கு வக்கீல்களுக்கா பஞ்சம்? ஆனால் உயில் இல்லை. கணவர், பிள்ளைகளும் இல்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும்தான் வாரிசு என்று சென்னை ஐகோர்ட்டு சொல்ல 2020 மே மாதம் ஆகிவிட்டது. இதற்கிடையே போயஸ் கார்டன் வீட்டை நினைவு இல்லமாக்க அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அது செல்லாது என்று 2021 நவம்பரில் தீர்ப்பு. அதன் பிறகே வாரிசுகள் கைக்குச் சாவி வந்தது. அந்த வீட்டை என்ன செய்ய அம்மையார் நினைத்திருந்தார்? அது கடைசிவரை தெரியாமலே போய்விட்டது!

பொன்மலை ரெயில்வே பென்ஷன்காரரின் இரண்டு ரூம் வீட்டுக்கும் இதே சட்டம்தான். உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாயார், எல்லாருக்கும் சம பங்கு. கடைசிவரை கஞ்சி ஊற்றிய மகளுக்குத் தனிச் சலுகை கிடையாது. "வீடு உனக்குத்தாம்மா" என்று வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்காது.

சரி, நாமே எழுதிவிடலாமே? எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனால் சாட்சிகள் இரண்டு பேரும் எழுதியவர் கண்ணெதிரே கையெழுத்துப் போட வேண்டும். மகன் தாளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் சாட்சிக் கையெழுத்து வாங்கினால், போச்சு! வழக்கு வந்தால் சாட்சி கூண்டில் ஏற வேண்டும். எண்பது வயது சிநேகிதரைச் சாட்சியாகப் போட்டு என்ன பயன்?

பூர்வீகச் சொத்தென்றால் தன் பங்கை மட்டுமே எழுத முடியும். ஸ்ரீரங்கத்தில் அடிமனைத் தகராறு வேறு! கட்டடம் யாருடையது, மனை யாருடையது என்று பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல வக்கீல்தான் வேண்டும்.

பீசுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பே கிடையாது.

எழுதிய மறுநாளே பிள்ளைகள் வெளியே துரத்திவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். உயில் நடைமுறைக்கு வருவது எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான். அதுவரை வீடு அவருடையது. மனசு மாறினால் கிழித்துப் போட்டு வேறு எழுதலாம்.