மீனம்பாக்கத்துச் சோதனை வீணா?

"பூச்சிக்கு ஏது பாஸ்போர்ட்? காற்றில் வருவதைச் சட்டமா தடுக்கும்?" என்ற வாதம் பப்பாளி மாவுப்பூச்சியிடம் எடுபடாது. அதன் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. குஞ்சுகளைக் காற்று அடுத்த தோட்டம் வரை கொண்டுபோகலாம். கடல் தாண்டுவது செடியோடும் பழத்தோடும்தான். 2008இல் கோவையில் தென்பட்ட அந்தப் பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை வெள்ளைப் பஞ்சாய் மூடியது. அது தப்பி வந்ததே இறக்குமதிச் சோதனை வீண் என்பதற்குச் சான்றாம்! பூட்டை உடைத்தால் கதவையே கழற்றிவிடச் சொல்லும் நியாயம் இது. பூச்சியை அடக்கிய அசெரோபேகஸ் குளவிகூட 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து முறையான அனுமதியோடு வந்து, தனிமையில் சோதிக்கப்பட்ட பிறகே வயலில் விடப்பட்டது. சென்னை மீனம்பாக்கத்திலுள்ள மண்டலத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் 2003ஆம் ஆண்டின் தாவர இறக்குமதி ஆணைப்படி பார்ப்பது இறக்குமதி அனுமதி, அனுப்பும் நாட்டின் சான்றிதழ், சரக்கு மூன்றையும். பயணப் பையில் சுருட்டி வரும் கிளைத்துண்டுதான் இவற்றுக்குச் சிக்காமல் நழுவுகிறது.