மீன் தொட்டிக்கு வினிகரா?

"கடல் மீன் தொட்டியில் வினிகர் ஊற்றினால் பாசி போய்விடுமாமே, நிஜந்தானா? ஊறுகாய்க்கு ஊற்றுகிற அதே வினிகரா? மீனுக்கு ஒன்றும் ஆகாதா?" என்று அடையாற்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய தொட்டியாம். பிள்ளை மேல்படிப்புக்குப் போய்விட்டான். இருநூறு லிட்டர் உப்பு ஜலமும் ஒரு ஜோடிக் கோமாளி மீனும் அம்மா தலையில் விழுந்துவிட்டன. கண்ணாடியிலும் கல்லிலும் பச்சைப் பாசி. சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துவிட்டது என்கிறார்.

நிஜந்தான், அம்மா. அதே வினிகர்தான். ஆனால் வினிகர் பாசியைக் கொல்லுவதில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்வதுமில்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களுக்கு அது சாப்பாடு. சுத்தம் செய்கிறவை அவை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக் கொள்ளாமல் பாட்டிலைத் திறந்தால், பாசிக்குப் பதில் மீன் போய்விடும். அதனால்தான் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

மீனுக்குப் போடுகிற தீனி எங்கே போகிறது? பாதி மீன் வயிற்றில், மீதி மணலில். இரண்டுமே கடைசியில் அம்மோனியா ஆகின்றன. அம்மோனியா விஷம். நல்ல வேளையாக, தொட்டிக் கல்லில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் அது அங்கேயே தங்கிவிடும். கடலில் என்றால் எத்தனையோ வாய்கள் அதைத் தின்னக் காத்திருக்கின்றன. நாலு கண்ணாடிச் சுவருக்குள் அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். தீனியிலிருந்து வரும் பாஸ்பேட்டும் அப்படியே. இந்த இரண்டும்தான் பாசிக்கு எரு.

இந்த எருவைப் பாசிக்கு முன்னால் பாக்டீரியா தின்றுவிட்டால்? அங்கேதான் ஒரு சிக்கல். இட்லிக்கு நனைக்கிறீர்கள். நாலு படி அரிசி இருக்கிறது, உளுந்து இல்லை என்றால் மாவு ஆகுமா? பாக்டீரியாவுக்கும் உடம்பு வளர ஒரு கணக்கு உண்டு. ஆல்பிரட் ரெட்பீல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி கடல் நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்து, 1934-இல் அந்தக் கணக்குக்கு வழிகாட்டினார். நாளடைவில் அது கார்பன் 106 பங்கு, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்று நிலைத்தது. பாக்டீரியாவுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் கார்பன்தான் அதிகம் வேண்டும். நம் தொட்டியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வழிகின்றன. பாக்டீரியா தின்னக்கூடிய கார்பன்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கத்தான் வினிகர். (கார்பன் என்றதும் வடிகட்டியில் போடும் கரியை நினைத்துக் கொள்ளாதீர்கள். அது வேறு சமாசாரம்.)

வினிகர் சேர்ந்ததும் பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகுகின்றன. பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக் கொள்கின்றன. ஆனால் அவை தொட்டிக்குள்ளேயே இருந்து செத்தால் தின்றதெல்லாம் திரும்பவும் தண்ணீருக்குத்தான் வரும். ஆகவே அவற்றை வெளியே எடுத்தாக வேண்டும். வெல்லப் பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வருகிறது. நீங்கள் கரண்டியால் வழித்து எறிகிறீர்கள் அல்லவா? புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவி அதே வேலையைச் செய்கிறது. பொடிப் பொடிக் காற்றுக் குமிழிகளை விட்டு, அழுக்கை நுரையோடு ஒரு கிண்ணத்தில் ஒதுக்கிவிடும். ஸ்கிம்மர் இல்லாத வீட்டில் வினிகர் வேண்டவே வேண்டாம். இதில் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

இதைச் சீமான் வீட்டு விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. இறால் குட்டைகளில் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகைக் கொட்டுகிறார்களே, அதுவும் இதே தத்துவந்தான். இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி யோரம் அவ்னிமெலெக் 1999-இல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். அங்கே ஒரு சௌகரியம், பெருகிய பாக்டீரியாத் திரளை இறாலே தின்றுவிடும். அந்தக் குட்டைகளில் இரவு பகல் காற்றடித்துக் கொண்டே இருப்பார்கள் என்பதையும் கவனியுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேல்நாட்டில் முதலில் பிரபலமானது வினிகர் அல்ல, வோட்கா. அதுவும் கார்பன்தானே! ஆனால் மீனுக்காக என்று சொல்லி அந்தப் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மாமியாரிடம் யார் பதில் சொல்லுவது? தவிர, வோட்கா ஒரு மில்லியில் உள்ள கார்பன் வினிகரில் ஏறக்குறைய எட்டு மில்லியில்தான் இருக்கிறது. கை தவறினால் எதில் சேதம் குறைவு என்று நீங்களே சொல்லுங்கள். சர்க்கரையும் வேண்டாம், சிட்டிகைக் கணக்கு இதற்கு உதவாது. நிறமில்லாத சாதா வினிகர், 4 அல்லது 5 சதவிகித அமிலம் என்று சீட்டில் போட்டிருக்கும், அது போதும். ஆப்பிள், திராட்சை வினிகர்கள் வேண்டாம். ரசாயனக் கடையில் விற்கும் கெட்டி அமிலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

ஆனால் அதற்கு முன்னால், செலவில்லாத வைத்தியங்களைச் செய்து பார்த்தீர்களா? தீனியைக் குறையுங்கள். ஐஸில் உறைந்த இறாலை அலசிவிட்டுப் போடுங்கள். உப்புக் கரைக்கிற தண்ணீர் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும், கிணற்று நீரிலேயே நைட்ரேட் இருந்தால் என்ன செய்து என்ன பயன்? லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும் தொட்டியில் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் 30 ஆகும். இன்னொரு முறை மாற்றினால் 22½. உப்பு விலைதான் கையைக் கடிக்கும். இவ்வளவு செய்தும் ஏறிக்கொண்டே போனால் வினிகருக்கு வாருங்கள்.

ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றும், நைட்ரேட், பாஸ்பேட் பார்க்கும் சோதனைப் பெட்டியும் கையில் இருக்க வேண்டும். இருநூறு லிட்டர் தொட்டிக்கு நாளைக்கு ஒன்றரை மில்லியில் ஆரம்பியுங்கள். ஆம், அரை டீஸ்பூன் கூட இல்லை! விளக்கு எரியும் பகல் வேளையில், தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் விடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மில்லி கூட்டலாம். நடுவில் கூட்டக் கூடாது. சில வாரங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அப்போதுதான் கை துறுதுறுக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள். நைட்ரேட் இறங்க ஆரம்பித்ததும் கூட்டுவதை நிறுத்துங்கள். வேண்டிய அளவுக்கு வந்ததும் பாதியாகக் குறைத்து, அதையே தினமும் கொடுத்து வாருங்கள். திடீரென்று அடியோடு நிறுத்துவது நல்லதல்ல. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பூஜ்யத்துக்குக் கொண்டு போகவும் ஆசைப்படாதீர்கள். நைட்ரேட் சுத்தமாகத் தீர்ந்து பாஸ்பேட் மட்டும் மிஞ்சினால், சிவப்பு வழுக்கல் பாசி வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய பச்சைப் பாசியே தேவலை என்று தோன்றும். பவளம் வளர்க்கும் அயல்நாட்டார் தொட்டிகளில், எரு அடியோடு வற்றியதால் பவளங்கள் வெளுத்துப்போனதுண்டு. (நம் கடலில் கல் பவளத்தின் மேல் கை வைக்கக் கூடாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. யாராவது மன்னார் வளைகுடாப் பவளம் என்று விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.)

இப்போது, காற்றடிப்பது ஏன் என்று சொல்கிறேன் என்றேனே, அது. பாக்டீரியா பெருகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குடிக்கிறது. அளவு மீறினால் தண்ணீர் கஞ்சி போல் வெளுக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்துத் தீனி போட்டுவிடாதீர்கள்! மூச்சு முட்டுகிறது. வினிகரை நிறுத்தி, காற்றுப் பம்பை முழு வேகத்தில் விட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கண்ணாடியிலும் பம்பிலும் வெள்ளை நூல் போல வழவழப்பு படர்ந்தால், அதுவே முன்னெச்சரிக்கை. அன்றைக்கே அளவைக் குறையுங்கள்.

இந்தக் காரணத்தால்தான் மின்சாரம் நின்ற நாளில் ஒரு சொட்டும் கூடாது என்கிறேன். ஸ்கிம்மர் நிற்கும், பம்பு நிற்கும், பாக்டீரியா மட்டும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் என்று வானொலியில் சொன்னதுமே வினிகரை நிறுத்திவிடுங்கள். பாட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். அதிக விலை இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் விட்டுப் போனால் நஷ்டமுமில்லை. விட்டதற்கும் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாக ஊற்றுவதுதான் நஷ்டம்.

ஊருக்குப் போகிறீர்களா? மீனுக்குத் தீனி போட அடுத்த வீட்டு அம்மாளிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளைக்கும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். வினிகர் பாட்டிலை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.