பனி கொன்றது பாதி, பதற்றம் கொன்றது மீதி

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய பையன், பனி மூடிய கொல்லையில் ஒரு வாளி மக்காச்சோளத்தைக் கொட்டுகிறான். நாலைந்து மான்கள் எட்டி நின்று பார்க்கின்றன. குழுவில் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டார்கள். "ஜீவகாருண்யம்" என்று ஒருவர் எழுதினார். நான் மட்டும் "இது பாவம், நிறுத்தச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். அன்றிலிருந்து நண்பர் என்னோடு பேசுவதில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த திமிர் இன்னும் போகவில்லை என்று இன்னொருவரிடம் சொன்னாராம். சரி, திமிர் என்றே இருக்கட்டும். காரணத்தை எழுதிவிடுகிறேன்.

2022 டிசம்பரில் நானும் என் மனைவியும் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்துக்கு வெளியே, மகள் வீட்டில் இருந்தோம். பக்கத்து நிலத்துக்காரர் வேட்டைக்காரர். தம் நிலத்தில் இரண்டு ஏக்கரை மானுக்கென்றே ஒதுக்கி, ஓட்ஸ், கோதுமை, ரை, குளோவர், டர்னிப், முள்ளங்கி எல்லாம் கலந்து விதைத்திருந்தார். அந்தப் பக்கம் இது சகஜம். மான் மேய வரும், பருவத்தில் சுடுவார்கள். அது சரியா தப்பா என்பது வேறு விஷயம். மீன் குழம்பு சாப்பிடுகிற நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

22ம் தேதி மாலை ஒரு ஸ்வெட்டரோடு வெளியே நடந்தேன். 23ம் தேதி காலையில் பார்த்தால் குளிர் மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விட்டது. ஒரே ராத்திரி! இரண்டு நாள் கழித்து அந்தக் கொல்லை வெந்த கீரை மாதிரி கிடந்தது. மண் இளகியதும் முள்ளங்கி அழுகி, சாக்கடை நாற்றம் அடித்தது. நிலத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு டிராக்டரை எடுத்து இரண்டு ஏக்கரையும் உழுது போட்டார். போதாததற்கு மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் வாங்கி வந்தார்.

இந்த இரண்டு காரியத்தின் மேலும்தான் என் சண்டை.

முதலில் உழவு. குமாஸ்தாவுக்குப் பயிரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். பயிர்ச் சேத மனுக்களைப் பல வருஷம் பதிவேட்டில் ஏற்றியவன் நான். மழை வெள்ளம் வடியும் முன்பே "முழுச் சேதம்" என்று குறிப்பு வந்துவிடும். பத்து நாள் கழித்துப் போனால், மஞ்சளாகக் கிடந்த இளம் நெல் பல இடங்களில் புதுத் தூர் கட்டி நிற்கும். இலையைப் பார்த்துக் கணக்கெழுதக் கூடாது, தூரைப் பார்த்து எழுத வேண்டும் என்று வயசான விவசாயி ஒருவர் என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம் முப்பது வருஷச் சர்வீஸுக்குச் சமம்.

உறைபனிக்கும் அதே நியாயம்தான். ரையும் கோதுமையும் இலை கருகினாலும் சாவதில்லை. அவற்றின் குருத்து மண்ணை ஒட்டி, தூருக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கித் தூரை நெடுக்கில் பிளந்து பார்த்தால் போதும். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுத்து, கூழாக இருந்தால் போய்விட்டது. ஓட்ஸ் குளிருக்குத் தாங்காது, அது செத்திருக்கும். முள்ளங்கி நிச்சயம் செத்தது. ஆனால் ரை எல்லாவற்றையும்விட நெஞ்சுரம் உள்ளது. குளோவரின் இலை கருகினாலும் தரையோடு படர்ந்த தண்டு பிழைத்துவிடும். இதைப் பார்க்க ஒரு பேனாக்கத்தியும் பத்து நாள் பொறுமையும் வேண்டும். அவரிடம் கத்தி இருந்தது.

பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஒரு முசியே, பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் பக்கத்துக்காரர். 1956 பிப்ரவரியின் பெருங்குளிரைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஜனவரி இதமாக இருந்ததாம், ஆலிவ் மரங்களில் சாறு ஏறத் தொடங்கிவிட்டதாம். திடீரென்று குளிர் இறங்கியதும் மரங்கள் வெடித்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தால் செடி தன்னைத் தயார் செய்துகொள்ளும். திடீரென்று இறங்கினால்தான் அடி பலம். பலர் மரத்தை வேரோடு பிடுங்கித் திராட்சை வைத்தார்கள். அடியோடு வெட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு வேரிலிருந்து புதுக் கன்றுகள் கிளம்பின. எங்களுக்கு ஆலிவ் மரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனாலும் அந்தக் கதை என்னோடு தங்கிவிட்டது.

இனி மக்காச்சோளம். மான் மாட்டைப் போல அசைபோடும் பிராணி. அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தீனியைச் செரிக்கின்றன. குளிர்காலத்தில் அவை சுள்ளிக்கும் மொட்டுக்கும் பழகி இருக்கும். திடீரென்று வயிறு முட்ட மாவுத் தானியம் விழுந்தால் உள்ளே புளித்து அமிலம் கட்டி, ஓரிரண்டு நாளில் மான் செத்துப்போகும். வயிறு நிறைய மக்காச்சோளத்தோடு செத்துக் கிடக்கும். நம்பாதவர்கள் ஊர்க் கால்நடை டாக்டரைக் கேளுங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவரிடம் எத்தனை மாடு வயிறு ஊதி வருகிறது, ஏன் வருகிறது என்று சொல்வார். நாமும் அன்பாகத்தான் பொங்கலைக் கிலோக்கணக்கில் ஊட்டுகிறோம்.

இன்னொன்று. மானுக்குத் தீராத ஒரு மூளை நோய் அங்கே பரவுகிறது. டென்னசியின் மேற்கே 2018ல் கண்டுபிடித்தார்கள். எச்சில், சிறுநீர், சாணம் வழியாகத் தொற்றும். மருந்து கிடையாது. காட்டில் பிரிந்து மேயும் மான்களை ஒரே குவியலில் மூஞ்சியோடு மூஞ்சி முட்ட வைப்பது அந்த நோய்க்கு நாமே பந்தி பரிமாறுவது.

"அப்போ பட்டினியால் சாகட்டுமா?" என்று நண்பர் கேட்டார். டென்னசி மான் இலையுதிர் காலத்திலேயே ஓக் கொட்டையைத் தின்று கொழுப்புச் சேர்த்துவிடுகிறது. குளிரில் குறைவாகத் தின்று, குறைவாக நடந்து, அந்தக் கொழுப்பில் ஓட்டும். நம் விதைப்பு வருவதற்கு முன்பும் குளிர்காலம் வந்தது, மானும் இருந்தது. உதவியே ஆகவேண்டும் என்றால் நிலத்தை விட்டுவையுங்கள், ரை தானே தலை தூக்கும். வெறுமையான இடத்தில் பிப்ரவரியில் குளோவர் விதையைத் தூவுங்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் மண், உழவு இல்லாமலே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். கெடுத்த குளிரே விதைத்தும் கொடுக்கும். அடுத்த வருஷம் ஓட்ஸைக் குறைத்து ரையைக் கூட்டுங்கள்.

அந்தப் பக்கத்து நிலத்துக்காரரிடம் இதையெல்லாம் என் மாப்பிள்ளை மூலமாகச் சொன்னேன். சிரித்தார். உழாமல் விட்ட வேலியோர நாலு முழத்தில், நாங்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் ரை பச்சை கட்டிவிட்டது. இரண்டு மான் அங்கேதான் மேய்ந்தன. உழுத இரண்டு ஏக்கரும் சேறாகக் கிடந்தது. மாப்பிள்ளை, "மாமா, அவர்கிட்ட காட்டட்டுமா?" என்றார். "வேண்டாம்பா, அவரே பார்ப்பார்" என்றேன்.

நண்பரே, இதைப் படித்தால் பையனுக்கு அனுப்புங்கள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வாளியை மட்டும் உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.