வாரண்டி இருக்கு... வண்டி எங்கே?

'வாரண்டி' என்ற வார்த்தைக்கு ஷோரூமில் ஒரு அர்த்தம், சர்வீஸ் சென்டரில் வேறு அர்த்தம். ஷோரூமில் காபி கொடுத்து, "மூணு வருஷம் சார், ஒரு லட்சம் கிலோமீட்டர், கவலையே வேணாம்" என்பார்கள். என்ஜினில் கோளாறு என்று போய் நின்றால் அதே வாரண்டி "கம்பெனி அப்ரூவல் வரணும் சார்" ஆகிவிடும். இந்த இரண்டாவது அர்த்தத்தைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

என் சின்ன மாமா செஞ்சியில் டாக்ஸி ஓட்டுகிறார். சொந்த வண்டி, டிரைவரும் அவரே. வாங்கி ஒன்றரை வருஷம் ஆன டீசல் கார் ஒருநாள் திண்டிவனம் ரோட்டில் சூடாகி நின்றுவிட்டது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி இருக்கிறது. கூலண்ட் ஆயிலோடு கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் பார்த்த உடனே சொல்லிவிட்டார். அவரிடம் விட்டிருந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம். கட்டி இழுத்துக்கொண்டு போய் டீலரின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். (கம்பெனி பேர், டீலர் பேர் வேண்டாம். எங்கே விசாரித்தாலும் இதே மாதிரி ஒரு கதை கிடைக்கிறது.)

47 நாள்!

முதல் வாரம் "என்ஜினைப் பிரிச்சுப் பார்க்கணும்". அடுத்த வாரம் "போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்பியிருக்கோம்". மூன்றாவது வாரம் அப்ரூவல் வந்தது, பார்ட்ஸ் வரவில்லை. நான்காவது வாரம் வந்த பார்ட்ஸ் வேறு மாடலுக்கு உரியதாம். கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் "டீலரைத் தொடர்பு கொள்ளுங்கள்". டீலரைக் கேட்டால் "எங்க கையில எதுவும் இல்ல சார்". நம்ம ஊர்க் கோட்டையை 1690-ல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு அதைப் பிடிக்க 1698 வரை ஆனது. தளபதி சுல்பிகார் கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அப்போதே பேச்சு இருந்தது. மாமாவும் ஐந்தாவது வாரத்தில் கிட்டத்தட்ட அதே சந்தேகத்துக்கு வந்துவிட்டார் :-)

அந்த 47 நாளில் இரண்டு அமாவாசை, ஒரு பௌர்ணமி. செஞ்சியில் டாக்ஸி ஓட்டுகிறவருக்கு இதன் அர்த்தம் தெரியும். அமாவாசை ராத்திரி மேல்மலையனூர், பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம்... மாசத்தின் நல்ல வருமானமே அந்த நாட்கள்தான். வருமானம் நின்றது, மாசத் தவணை நிற்கவில்லை. வழக்கமாகக் கூப்பிடும் இரண்டு குடும்பங்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வருவார்களா என்று எந்த ஜாப் கார்டிலும் எழுதியிருக்காது.

இனி பி.காம் படிக்கிறவனாக ஒன்று சொல்கிறேன். வாரண்டி ரிப்பேரை "இலவசம்" என்று சொல்வதே தப்பு. கணக்குப் பதிவில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பொருளை விற்ற வருஷத்திலேயே, எதிர்காலத்தில் வரப்போகும் வாரண்டி செலவை மதிப்பிட்டு, கம்பெனி ஒரு ஒதுக்கீடு போட்டுவிட வேண்டும். கணக்கியல் தரம் ஏ.எஸ். 29 வகுப்பில் இதற்கு வாரண்டிதான் முதல் உதாரணமாக வரும். அதாவது மாமாவின் ஹெட் கேஸ்கெட் செலவு அவர் வண்டி வாங்கிய வருஷமே லாபத்தில் கழிக்கப்பட்டுவிட்டது. வண்டி விலையிலும் அது ஏறியாகிவிட்டது. மாமா காசு கொடுத்து வாங்கிய ரிப்பேர் அது.

ஆனால் தாமதத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. 7 நாளில் முடித்தாலும் 47 நாளில் முடித்தாலும் கம்பெனிக்கு அதே கேஸ்கெட், அதே கூலி. மிச்ச 40 நாளின் செலவு மாமாவின் தலையில். யார் தலையில் செலவு விழவில்லையோ அவர் ஏன் அவசரப்படுவார்? டீலர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அரிதாகத் தேவைப்படும் என்ஜின் பார்ட்ஸை ஒவ்வொரு ஊரிலும் அடுக்கி வைக்க முடியாது, கம்பெனி சம்மதம் இல்லாமல் அவர் கைக்காசையும் போட முடியாது. எல்லாம் சரி. ஆனால் "இன்ன தேதி" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க என்ன கஷ்டம்?

சட்டம் என்ன சொல்கிறது? 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் 'கண்டிஷன்' வேறு, 'வாரண்டி' வேறு. கண்டிஷனை மீறினால் பொருளையே திருப்பிக் கொடுக்கலாம். வாரண்டியை மீறினால் நஷ்ட ஈடு மட்டும்தான். கார் வாரண்டியிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். மாருதி உத்யோக் வழக்கு ஒன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது கோளாறான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான், முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது. அதனால் "புது வண்டி கொடு" என்று சண்டை போடுவதில் பெரும்பாலும் பயனில்லை. தாமதத்தைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஒத்துக்கொண்ட சேவையைச் சரியாகச் செய்யாதது 'சேவைக் குறைபாடு'. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் இதற்குத் தெளிவாக இடம் இருக்கிறது.

டாக்ஸி என்றால் வியாபாரம், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று பலர் பயமுறுத்தினார்கள். அது பாதி உண்மை. தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கினவர் நுகர்வோர். வாங்கி முழுக்க முழுக்க வேறு ஆளை வைத்து ஓட்டினால் இல்லை. மாமா தானே ஓட்டுகிறார்.

இன்னொன்று, புகாரில் டீலர், கம்பெனி இருவரையும் சேர்க்க வேண்டும். 2021-ல் டாடா மோட்டார்ஸ் சம்பந்தப்பட்ட கோவா வழக்கில், பழைய வருஷத் தயாரிப்பை டீலர் புதுசு என்று விற்றதற்கு, கம்பெனிக்கும் அது தெரியும் என்று நிரூபிக்காமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் தனித்தனி வியாபாரிகளாம். நம்மிடம் மட்டும் ஒருவர் பேரைச் சொல்லி ஒருவர் தப்பித்துக்கொள்கிறார்கள்!

அமெரிக்காவைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே 'லெமன் சட்டம்' கொண்டுவந்தது. ஆரம்ப காலத்தில் மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலே, வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கேட்க அது வழி செய்தது. கலிபோர்னியாவில் இன்னும் ஒரு படி மேல். பொருள் ரிப்பேரில் இருக்கும் நாட்கள் வாரண்டியில் கழியாது, கடிகாரம் நிற்கும். நம்ம ஊரில் மாமாவின் மூன்று வருஷ வாரண்டியில் 47 நாள் ஒர்க்‌ஷாப் கூரைக்குக் கீழேயே தீர்ந்து போச்சு. இங்கே சட்டத்தில் முதலில் வரவேண்டியது இந்தக் கடிகாரம் நிற்கும் விஷயம்தான் என்பது என் கட்சி. அதற்குப் பணமே செலவாகாது. ரிப்பேருக்கு நாள் கெடு அதற்கு அடுத்தது.

அதுவரை என்ன செய்ய? போனில் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பிக்க வேண்டும். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் கிலோமீட்டர், கோளாறு, தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மாமா 31-ஆம் நாள் டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதுவரை "பார்க்கிறோம்" என்றவர்கள் அதற்குப் பிறகுதான் தேதி என்று ஒன்றைச் சொன்னார்கள். அதிலும் நாலு நாள் தவறியது, அது வேறு விஷயம்.

வண்டி எடுக்கும் அன்று "முழு திருப்தி" என்று அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள். போட்டால்தான் சாவி. மாமா கையெழுத்துக்கு மேலே, "47 நாள் தாமதத்துக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிப் போட்டார். சர்வீஸ் அட்வைசர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் சாவி வந்தது. என்ஜின் இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது.

புகாரை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இது 2019 சட்டம் தந்த வசதி. எங்களுக்கு விழுப்புரம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். மூன்று மாசத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் இழுக்கும் என்று தெரியும். கேட்பது இரண்டே இரண்டு: போன வருமானம், வாரண்டியில் கூடுதலாக 47 நாள். மாமாவின் வண்டி எட்டு லட்சத்துச் சொச்சம். 200 ரூபாயை அடுத்த வாரம் கட்டப் போகிறோம்.