மவுண்ட் ரோடின் மூத்த மாளிகை

கங்காதர நெல்லூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சென்னைக்குப் பிரயாணம் செய்யும் நம்மவர்கள், மவுண்ட் ரோடில் 1904-ல் எழுந்த ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலையையும், 1959-ல் விண்ணை எட்டிய எல்.ஐ.சி. மாளிகையையும் வியந்து பார்த்துவிட்டு, ஸ்மித் என்னும் மருந்து வணிகரின் ஸ்தாபனத்துக்காக 1897-ல் கட்டப்பெற்ற பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைக் கவனியாது கடந்துவிடுகின்றனர். கூரிய ஸ்தூபிகளும் வளைவுச் சாளரங்களும் செந்நிறச் சுவர்களுமாக, கொத்தனாரின் கைவண்ணம் அங்குலந்தோறும் துலங்கும் அபூர்வ சிருஷ்டி அது! 2006-ல் அதனை இடிக்க முற்பட்டபோது பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு உயர்நீதிமன்றத்தை அணுகித் தடுத்தது பாராட்டுக்குரியதே. ஆயினும் நீதிமன்ற உத்தரவு, சுவரிடுக்கில் வேரோடும் அரசங்கன்றைப் பிடுங்கிவிடாது. நமது சந்திரகிரி ராஜமகால், தொல்லியல் துறையின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக ஜீவித்திருக்கிறது; அத்தகைய பராமரிப்பை இம்மாளிகைக்கும் அளிக்கச் சம்பந்தப்பட்டோர் இனியும் தாமதிக்கலாகாது.