டேங்க் மூடியைத் திறந்து பார்த்திருக்கீங்களா பாஸ்?

ரூம்மேட் பக்கம்

கேரவன் என்றதும் உங்கள் மனசில் என்ன ஓடும்? ஷூட்டிங் ஸ்பாட் ஓரமா ஒரு வெள்ளை வண்டி, உள்ளே ஏ.சி., சோபா, ஹீரோவுக்கு ஜூஸ்... அதெல்லாம் சென்னைக் கணக்கு! நம்ம சேலம் - நாமக்கல் பக்கம் நிஜமான கேரவன் எது தெரியுமா? திருச்செங்கோடு ரிக் வண்டி!

போர் போடக் கிளம்பும் ஜோடி லாரிகளைப் பார்த்திருப்பீங்க. ஒன்றில் ரிக், இன்னொன்றில் கம்ப்ரஸர், பைப், அரிசி மூட்டை, அடுப்பு, பாய். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாசக்கணக்கில் சுத்துவாங்க. சமையல், குளியல், தூக்கம் எல்லாமே வண்டியை நம்பித்தான். குடிக்கிற தண்ணியும் கூடவே போகும்.

ஊர் ஊராகப் போய் அடுத்தவனுக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கிற ஆளுங்க, தங்கள் தண்ணியை எப்படிக் காப்பாத்திக்கிறாங்க? இந்தக் கேள்வி எங்களுக்கு முன்னாடியே தோணியிருந்தா, எங்க ரூமில் ஒருத்தன் மூணு பேப்பரைக் கோட்டை விட்டிருக்க மாட்டான்.

புரோட்டா மேல போட்ட பழி

திருச்செங்கோட்டில் காலேஜ் படிக்கும்போது ஆறு பேர் சேர்ந்து ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். செமஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருத்தனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் காய்ச்சல். அப்புறம் கண்ணு மஞ்சள். "ராத்திரி புரோட்டா சாப்பிடாதேன்னு சொன்னேனே, கேட்டியாடா?" என்று ஆளாளுக்கு அட்வைஸ் பண்ணினோம்.

டாக்டர் சிரித்தார். தண்ணி, சாப்பாடு வழியாப் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமி (ஹெபடைடிஸ் ஏ, ஈ என்று இரண்டு வகை) உடம்புக்குள் போய் ஆளைப் படுக்க வைக்க 2 முதல் 10 வாரம் வரை ஆகுமாம். டைஃபாய்டுக்கும் ஒன்று முதல் மூன்று வாரம். ஆக, நேத்து சாப்பிட்ட புரோட்டா பாவம், நிரபராதி! போன மாசம் எதைக் குடிச்சோம் என்று யோசிக்கணும். போன மாசம் என்ன, ரெண்டு வருஷமா நாங்க குடிச்சது மொட்டை மாடி டேங்க் தண்ணிதான்.

கீழ் வீட்டில் ரிக் வண்டி சூப்பர்வைசர் அண்ணன் ஒருத்தர் குடியிருந்தார். பொங்கலுக்கும் ஆடிக்கும்தான் ஊரில் தலை காட்டுவார். அந்த முறை வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் நேராக மாடிக்கு ஏறி டேங்க் மூடியைத் திறந்தார். எங்களையும் எட்டிப் பார்க்கச் சொன்னார்.

மேலே தண்ணி பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சேறு. சுவரில் கை வெச்சா வழவழ. ஓரத்தில், ஒரு காலத்தில் பல்லியாக இருந்த ஏதோ ஒன்று. எங்க ஆறு பேருக்கும் பேச்சே வரவில்லை.

"ஏந் தம்பி, எங்க வண்டி டேங்க்குல இன்னிக்கு ஒரு ஊர்த் தண்ணி, நாளைக்கு ஒரு ஊர்த் தண்ணி. எதையும் நம்ப முடியாது. அதனால கழுவிக்கிட்டே இருக்கறோம். உங்க டேங்க் ஒரே எடத்துல நிக்குது. நிக்கறதால சுத்தமா இருக்குதுன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது!" என்றார்.

காமாலைக்குக் காரணம் அந்த டேங்க்தான் என்று கோர்ட்டில் நிரூபிக்க எங்களால் முடியாது. ஆனா அதுக்கப்புறம் கழுவாத டேங்க்கில் ஒரு வாய் தண்ணி இறங்கவில்லை. அன்னிக்கு அண்ணன் சொல்லிக் கொடுத்த பாடத்தையும், பின்னாடி நானே தேடிப் படிச்சதையும் சேர்த்து இந்த வாரம் உங்களுக்கு!

வழவழப்புதான் வில்லன்

டேங்க் சுவரில் வழவழன்னு இருக்கே, அது வெறும் அழுக்கு இல்லை. கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து கட்டிக்கிட்ட வீடு. மேலே ஒரு பசை மாதிரிப் போர்வை. குளோரின் ஊற்றினால் அது போர்வையோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். உள்ளே இருக்கிறவன் ஜம்முனு தூங்குவான். சேறும் அதே கதை, குளோரினைச் சாப்பிட்டே முடிச்சிடும். அதனால முதலில் தேய்க்கணும், அப்புறம்தான் மருந்து. நிறைய பேர் இதைத் தலைகீழாகப் பண்றாங்க. ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரை டேங்க்கில் வீசிவிட்டு "முடிஞ்சது மச்சி" என்று இறங்கிடறாங்க.

1. மோட்டாரை நிறுத்தி, டேங்க்கைக் காலி பண்ணுங்க. அடியில் வடிகால் குழாய் இருந்தா அதைத் திறந்து சேறு வெளியேற விடுங்க. கீஸர் இருந்தா ஸ்விட்சை முதலில் ஆஃப் பண்ணுங்க. தண்ணி இல்லாம ஓடினா காயில் காலி!

2. நீளக் கைப்பிடி வெச்ச பிரஷ்ஷால் சுவர், அடி, மூடியின் உள்பக்கம் எல்லாம் தேயுங்க. ரெண்டு தடவை அலசி வெளியேத்துங்க.

3. இப்போ கணக்கு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேணும். அப்போ 1000 லிட்டர் டேங்க்குக்கு 50 கிராம். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூணில் ஒரு பங்குதான் குளோரின். ஆக, பவுடர் 150 கிராம். 500 லிட்டருக்கு 75. (கணக்குல அரியர் வெச்சவங்களும் போடலாம்!) ரொம்ப நாளாகத் திறந்து கிடந்த பாக்கெட் வேண்டாம். காத்துப் பட்டாலே வீரியம் போய்விடும். புதுசா வாங்குங்க.

4. வெட்டவெளியில் வெச்சு, ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணியில் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்க. அரை மணி நேரம் விட்டா சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிஞ்சதை மட்டும் டேங்க்கில் ஊற்றி, டேங்க்கை நிரப்புங்க.

5. இதுதான் எல்லாரும் மறக்கிற இடம். டேங்க் மட்டும் சுத்தமானா போதுமா? குழாய் முழுக்கப் பழைய வழவழப்பு இருக்குமே! வீட்டில் உள்ள ஒவ்வொரு குழாயையும் திறந்து, குளோரின் வாசம் மூக்கில் ஏறினதும் மூடுங்க. குறைஞ்சது 4 மணி நேரம் அப்படியே விடுங்க. ராத்திரி முழுக்க விட்டாலும் சரி. அந்த நேரத்தில் யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. ஒவ்வொரு குழாய் மேலும் ஒரு பேப்பர் ஒட்டிடுங்க. அரைத் தூக்கத்தில் வர்ற ரூம்மேட்டை நம்ப முடியாது!

6. எல்லாத்தையும் வடிச்சு, புதுத் தண்ணி நிரப்பி, மறுபடி எல்லாக் குழாயையும் திறந்து விடுங்க. காரமான வாசம் போகிற வரைக்கும். அவ்வளவுதான்!

வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருந்தா, இந்த வேலை முடியும்வரை அதன் இணைப்பை மூடி வையுங்க. குளோரின் பட்டா அதில் இருக்கிற சவ்வு வீணாகிடும். ரூமில் இருக்கும் 20 லிட்டர் கேனுக்கும் இதே வைத்தியம்தான். பவுடர் 3 கிராம் போதும், தட்டையாக ஒரு டீஸ்பூன். கேனைவிட அது உட்கார்ந்திருக்கும் டிஸ்பென்ஸரையும் குழாயையும் கழுவ மறக்காதீங்க.

ஹீரோயிசம் வேண்டாம்

பாத்ரூம் கழுவுற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீங்க. குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-ல் ஈப்ரே என்ற ஊரில் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு. கையுறை, கண்ணாடி, முகத்தில் துணி மூன்றும் கட்டாயம். டேங்க்குக்குள் தலையை விட்டுத் தேய்க்காதீங்க. தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குள் இறங்கவே இறங்காதீங்க. அதுக்குள்ளே மூச்சு முட்டி, காப்பாத்தப் போனவரும் சேர்ந்து செத்த செய்திகளைப் பேப்பரில் படிச்சிருப்பீங்க. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் தனியா ஏறுவதும் வேண்டாம்.

1908-ல் ஒரு டாக்டர்

"பிளீச்சிங் பவுடரா? அய்யோ, கெமிக்கல்!" என்று முகம் சுளிக்கிறீங்களா? அமெரிக்காவில் ஜெர்ஸி சிட்டி என்ற ஊர். 1908-ல் ஜான் லீல் என்ற டாக்டர் அந்த ஊர்க் குடிதண்ணியில் தினமும் குளோரின் கலக்க ஆரம்பிச்சார். அவர் போட்டதும் நம்ம பிளீச்சிங் பவுடர்தான். யாரிடமும் பர்மிஷன் கேட்கலை! விஷயம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. கடைசியில் அவர் பக்கம்தான் ஜெயிச்சது. அதுக்கப்புறம் ஊர் ஊரா அதே முறை பரவி, டைஃபாய்டு சாவுகள் மளமளன்னு குறைஞ்சது. இன்னிக்கு நம்ம ஊர் குடிதண்ணிக்கும் லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. கழுவின டேங்க்கில் தினசரி பயன்பாட்டுக்குக் குளோரின் போடணும்னா 1000 லிட்டருக்கு 2.5 முதல் 4 கிராம் பவுடர் போட்டு, அரை மணி நேரம் பொறுத்தால் போதும். 150 கிராம் என்பது கழுவுற அன்னிக்கு மட்டும். குழப்பிக்காதீங்க!

ஆனா குளோரின் சர்வரோக நிவாரணி இல்லை. நம்ம பக்கத்தில் ரெண்டு குழாய் இருக்கும். ஒன்று காவேரித் தண்ணி, இன்னொன்று போர் போட்ட சப்பைத் தண்ணி. அந்த உப்பையும் குளோரின் எடுக்காது, ஃபுளோரைடையும் எடுக்காது. காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்த வத்த அடர்த்திதான் கூடும். சேலம், தர்மபுரி பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்னை ரொம்பப் பழசு. பல்லில் காவிக் கறையோட சில ஃப்ரெண்ட்ஸைப் பார்த்திருப்பீங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கினதே இதுக்காகத்தான். அதனால போர்த் தண்ணியைக் குளிக்க, துவைக்க வெச்சுக்குங்க. குடிக்கக் காவேரி!

தேதி எழுதுங்க

கிராமத்துப் பக்கம் போகும்போது பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியைக் கவனிச்சுப் பாருங்க. 'சுத்தம் செய்த நாள்', 'அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள்' என்று பெயின்ட்டில் எழுதியிருப்பாங்க. உங்க ஹாஸ்டல் டேங்க்கில் அப்படி ஏதாவது இருக்கா? இல்லைன்னா வார்டன்கிட்ட சண்டை போட வேண்டாம். "சார், தேதி எழுதி வெச்சா நல்லா இருக்கும்" என்று மட்டும் கேளுங்க. எழுதணும்னா கழுவித்தானே ஆகணும்! ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும். காலேஜ் திறக்கிற ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. வாரம் ஒரு தடவை மூடி சரியா இருக்கான்னு பாருங்க. அதில் இடைவெளி இருந்தா பல்லி மட்டுமில்லை, டெங்கு கொசுவும் குடித்தனம் வந்துடும். வழியும் குழாய் வாயில் ஒரு வலைத்துணியைக் கட்டிடுங்க.

எங்க ஃப்ரெண்ட் அந்த மூணு பேப்பரையும் அடுத்த செமஸ்டரில் எழுதி முடிச்சான். அண்ணன் அடுத்த ஆடிக்கு வந்தப்போ, "என்ன தம்பி, மேல போயிப் பாக்கட்டுமா?" என்றார். "தாராளமாப் பாருங்கண்ணா!" என்றோம். டேங்க்கில் சிவப்புப் பெயின்ட்டில் தேதி இருந்தது.

இந்த ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம் மாடிக்குப் போங்க பாஸ். கூட ஒரு ஃப்ரெண்ட், கையில ஒரு டார்ச். மூடியைத் திறங்க. அடியில் என்ன தெரியுதுன்னு மட்டும் பாருங்க. மிச்சத்தை நீங்களே பண்ணுவீங்க.

அடுத்த வாரம் பார்க்கலாமா? வர்ட்டா!