வயதுக் குறியைப் பாராமல் விளையாட்டா?



கடைக்குச் சரக்கு வந்து இறங்கியதும் நாம் முதலில் பார்ப்பது லேபிளைத்தான். எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்லவா? இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வீட்டில் பேரன் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, அவன் எந்த விளையாட்டை இறக்குகிறான் என்று பார்ப்பதில்லை.

விளையாட்டுக்கும் லேபிள் உண்டு. கூகுள் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டின் பெயருக்கும் கீழே 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஏதேனும் ஒன்று போட்டிருக்கும். அமெரிக்காவில் 1993-ல் ‘மார்ட்டல் காம்பாட்’ போன்ற ரத்தம் சொட்டும் விளையாட்டுகளைப் பற்றி செனட் சபையில் விசாரணை நடந்தது. அதையொட்டி 1994-ல் அங்கே வயதுக் குறியிடும் வாரியம் ஏற்பட்டது. ஐரோப்பாவில் 2003-ல் வந்தது.

நம் நாட்டில் சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. படத்தைப் போட்டுப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். செல்போன் விளையாட்டுக்கு அப்படியல்ல. வன்முறை உண்டா, ஆபாசம் உண்டா, சூதாட்டம் உண்டா என்ற கேள்வித்தாளைத் தயாரிப்பாளரே நிரப்புகிறார். அந்தப் பதில்களைக் கொண்டுதான் வயது குறிக்கப்படுகிறது. மூட்டை அனுப்புகிறவரே தரம் எழுதி அனுப்புவதைப் போன்றது இது. எழுதியதையும் படிக்க வேண்டும், மூட்டையைப் பிரித்தும் பார்க்க வேண்டும். பெரியவர்கள் பத்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுப்பதே சரி.

3+ என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வயதுக்குத் தகாத காட்சி இல்லை என்பதே அதன் பொருள். எவ்வளவு நேரம் ஆடலாம், எவ்வளவு பணம் போகும் என்பதை அந்த எண் சொல்லாது.

அரசுதான் தடை செய்துவிட்டதே என்பாரும் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜியும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடை செய்யப்பட்டன. ஆனால் காரணம் நாட்டின் பாதுகாப்பே தவிர, குழந்தைகளின் வயது அல்ல. ஃப்ரீ ஃபயர் போனாலும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்தது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளை. துப்பாக்கிக்கும் சட்டைக்கும் ‘டைமண்ட்’ வாங்கச் சொல்லும் விளையாட்டுகள் வேறு வகை.

இங்கேதான் நம் பொறுப்பு வருகிறது. விளையாட்டுக்குப் பணம் ஏற்ற உதவும் ரீசார்ஜ் கோடு கேட்டும், ரொக்கத்தைக் கொடுத்து ஜிபேயில் அனுப்பச் சொல்லியும் பள்ளிப் பிள்ளைகள் கடைக்கு வருகிறார்கள். நமது நகரியத்தில் தகப்பனார் ஷிப்டுக்குப் போயிருப்பார், தாயார் வீட்டு வேலையில் இருப்பார். பையன் கொண்டுவரும் இருநூறு ரூபாய் பெரும்பாலும் வீட்டு மளிகைப் பணம்தான். அதை விளையாட்டுக்கு வாங்கிக்கொண்டால், அந்த வீட்டுச் சிட்டையில் பாக்கி ஏறப் போவதும் நம்மிடம்தான்.

‘நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்காரர் கொடுப்பார்’ என்பார்கள். பீடி, சிகரெட்டுக்கும் முன்பு இதையேதான் சொன்னோம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதில்லை என்று கடையில் பலகை வைத்தோம். அதனால் எந்தக் கடையும் மூடிப் போகவில்லை.

ஆகவே மெயின் பஜார், மந்தாரக்குப்பம், இந்திரா நகர் வணிகர்கள் ஒரு முடிவுக்கு வரலாம். பெற்றோர் நேரில் வராமல் பிள்ளைகளுக்கு விளையாட்டு ரீசார்ஜ் செய்வதில்லை என்று எழுதி வைப்போம். சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கேட்கும் பெற்றோருக்கு வழியும் சொல்வோம். பிளே ஸ்டோரில் செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரண்டல் கன்ட்ரோல் என்று போய் ரகசிய எண் வைத்தால், குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட விளையாட்டு இறங்காது. பணம் கட்டும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கும்படியும் வைக்கலாம். ஐந்து நிமிட வேலைதான்.

பிள்ளைகள் விளையாடட்டும், அதை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தராசைச் சரிபார்த்து விற்கும் நாம், நாளைய வாடிக்கையாளராகப் போகும் பிள்ளையின் கையில் கொடுப்பதையும் பார்த்துக் கொடுப்போம்.

– ஒரு மொத்த வியாபாரி, நெய்வேலி நகரியம்